நான் பார்க்காத வெனிஸ்

உன் கப்பல் திங்கட்கிழமை புறப்படாது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கிளம்பும். இதைத் தெரிவித்தவர் கப்பல் கம்பெனியின் பம்பாய் ஏஜெண்டு. அவருடைய தந்தி இன்று, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீசுக்கு வந்து, பத்து நாற்பதுக்கு என் கையில் கிடைத்தது. அரபிக்கடலில் கொந்தளிப்பு, அதனால் கப்பல் பம்பாய்க்கு வந்து சேர்வதே தாமதம் என்று காரணமும் சொல்லியிருக்கிறார். நீ தங்கியிருக்கும் மிஷன் பெண்கள் விடுதிக்கும் இதே தகவல் போயிருக்கும். இன்று மாலைத் தபாலில் சேர்க்கும் கடிதம் திங்கள் அல்லது செவ்வாய் அங்கே கிடைக்கும் என்று போஸ்ட்மாஸ்டர் சொல்கிறார். ஆகவே உனக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. இனிமேலும் சொல்லாமல் இருக்க எனக்குச் சாக்கு இல்லை.

பாப்பா, நான் வெனிஸ் நகரத்தைப் பார்த்ததே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் உன்னை ரயில் ஏற்றிவிட வந்தபோது, ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கைப்பையைத் திறந்து ஒரு பழைய பத்திரிகைத் துண்டைக் காட்டினாய். மடித்த இடங்களில் கிழிந்து, மஞ்சளாகி, பின்பக்கம் துணி ஒட்டி வைத்திருந்தாய். பதினோரு வருஷத்துக்கு முன் மதுரை வாரப் பத்திரிகையில் வந்த என் ஐரோப்பியப் பயணக் கட்டுரைகளில் எட்டாவது அது, வெனிஸில் என் ஜன்னலிலிருந்து பார்த்ததாக எழுதியது. "வெனிஸ்ல மூணு நாள் இருந்துட்டுத்தான் வியன்னாவுக்கு ரயில் ஏறப்போறேன். வழி கேக்க எனக்கு ஆள் வேண்டாம்ப்பா, நீங்க கூடவே வாரீங்கல்ல" என்று சொல்லிச் சிரித்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் கார்டு கொடி காட்டிவிட்டார். வண்டி இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "சொல்லலையா? நம்ம பிள்ளை, இல்லாத சன்னலைத் தேடிக்கிட்டு அந்நிய ஊர்ல அலையவா? கண் வைத்தியம் படிக்கப் போறவ கண்ணைக் கட்டியா அனுப்புறது?" என்றாள்.

அவள் கேட்ட கேள்வியால்தான் இந்தக் கடிதம். நீ ஒரு டாக்டர். இருபத்தாறு வயதில், தனியாக, பாஷை தெரியாத துறைமுகத்தில் இறங்கப் போகிறாய். உன் கையில் இருக்கும் வழிகாட்டி பொய். அதை எழுதியவன் நான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ராஜபாளையத்துப் பருத்தி வியாபாரி, நீ சின்ன வயதிலிருந்து 'பஞ்சு மாமா' என்று கூப்பிடுகிறவர், லண்டனுக்குப் போனபோது இங்கிலீஷ் கடிதங்கள் எழுத என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். போகிற இடத்திலிருந்து வாரம் ஒரு கட்டுரை அனுப்புவதாக நான் பத்திரிகை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். மார்சேல்ஸ், பாரிஸ், லண்டன் மூன்றையும் நான் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுதிய ஏழு கட்டுரைகளில் என் கண் பார்க்காத எதுவும் இல்லை. பஞ்சு மாமாவுக்கு லண்டனில் வேலை நீண்டது. நான் மட்டும் முன்னதாகத் திரும்பினேன். மார்சேல்ஸில் கப்பல் ஏறப் பத்து நாள் இருந்தது. அதற்குள் வெனிஸ் போய்வருவது என்று திட்டம். 'அடுத்த வாரம் வெனிஸ்' என்று ஆசிரியர் முன்கூட்டியே அச்சடித்தும் விட்டார். மார்சேல்ஸ் வந்த அன்றே எனக்குக் காய்ச்சல் கண்டது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். பத்தாவது நாள் கப்பல் ஏறினேன்.

அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடந்தவர் ஒரு கப்பல் சமையல்காரர், கோவாக்காரர். யுத்தத்துக்கு முன் வெனிஸில் இரண்டு வருஷம் இருந்தவர். அந்த ஊரில் ஒரு விதவைப் பெண்மணியின் வீட்டு மாடியில் தங்கியதாகவும், கேட்டால் அவள் அரிசிச் சோறு வடித்துத் தருவாள் என்றும், ஜன்னலைத் திறந்தால் இடது பக்கம் மணிக்கூண்டும் கீழே காய்கறிப் படகுகளும் தெரியும் என்றும் அரைகுறை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொன்னதைச் சொன்னபடி, அவர் சொன்னதாகவே நான் எழுதியிருக்கலாம். கால் உடைந்த சமையல்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு தான் விட்டுவந்த ஊரை நினைத்துப் பேசுகிறார் என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கும், இன்னும் நல்ல கட்டுரையாகவும் இருந்திருக்கும். நான் அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைத்தேன். 'என் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்' என்று எழுதினேன். அவர் பெயர்கூட இன்று எனக்கு ஞாபகம் இல்லை.

அதோடு விட்டேனா? அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன். மணிக்கூண்டுக்கு எதிரே, வலது பக்கம், சூரியன் செக்கச் சிவந்து கடலுக்குள் இறங்கியது என்று எழுதினேன். அந்த வரியைத்தான் ஊரே மனப்பாடம் செய்தது. நம் ஊரில் சூரியன் எப்போதும் மலைக்குப் பின்னால் மறையும். செண்பகத்தோப்புப் பக்கம் நிழல் விழுந்தால் பொழுது முடிந்தது என்று அர்த்தம். கப்பலில் பார்த்ததை விட்டால், கடலில் இறங்கும் சூரியனை ஒரு ஜன்னல் வழியாக நான் முதன்முதலாகப் பார்த்தது மார்சேல்ஸ் ஆஸ்பத்திரியில், ஆறாவது நாள், காய்ச்சல் விட்ட அன்று. அது உண்மையாக நான் பார்த்த சூரியன்தான். அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு ஊரில் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த என்னை மாலையோடு வரவேற்றார்கள். அன்றிலிருந்து எனக்கு 'வெனிஸ் ஐயா' என்று பெயர். இன்று காலைகூடத் தபால்காரர் வாசலில் நின்று, "வெனிஸ் ஐயாவுக்குத் தந்தி!" என்றுதான் கூவினார். நானும் ஒரு தந்தி அடித்து உனக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம், அந்தத் தந்தியை அடிக்க வேண்டியவர் நம் போஸ்ட்மாஸ்டர். அவருக்கு அந்தச் சூரியன் வரி தலைகீழாகத் தெரியும். அவர் முன்னால் நின்று அந்தப் படிவத்தை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்ல எனக்கு எத்தனையோ வாய்ப்பு இருந்தது. ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனக்குப் பதினாறு வயது, ஐப்பசி மழையில் கண்மாய் உடைப்பெடுத்து நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. நீ ஜன்னலில் உட்கார்ந்து, "அப்பா, வெனிஸ் வந்துருச்சு! ஓடியாங்க!" என்று கத்தினாய். அடுத்த வீட்டு வைக்கோல் கட்டு ஒன்று மிதந்து வந்தது. "அந்தா காய்கறிப் படகு" என்றாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "ஏட்டி, சாரல் அடிக்கி, சன்னலைச் சாத்திட்டு உள்ள வா" என்றாள். நீயோ, "செத்த நேரம் இரும்மா, சூரியன் விழட்டும்" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான் ஊர் திரும்பிய மறுநாளே என் கோட்டைத் துவைக்க எடுத்தவள், சிலுவை முத்திரையும் ஒன்பது நாள் தேதிகளும் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்டுவிட்டாள். அன்றைக்கு அவள் சொன்னது, "பொழைச்சு வந்தீகளே, அம்புட்டுத்தான் எனக்கு வேணும். மத்ததை நீங்களே ஒருநாள் சொல்லணும்" என்பது. அந்த மழை நாளில் அவள் பார்த்த பார்வைக்கு அதுதான் அர்த்தம். நான் எழுந்து போய் உன்னோடு ஜன்னலில் உட்கார்ந்து, அடுத்த படகு எப்போது வரும் என்று பார்த்தேன்.

இந்தப் பொய்யால் கஷ்டப்பட்டவர் ஒருவர் உண்டு. பஞ்சு மாமா மறுபடி ஐரோப்பா போனபோது, மிலான் நகரத்தில் பஞ்சு யந்திரம் பார்க்க வேண்டிய வேலைக்கு முன்னால், என் கட்டுரையை நம்பி வெனிஸில் இறங்கினார். சைவர், சோற்றுக்கு ஏங்கிப் போயிருந்தவர். அந்த விதவையின் வீட்டைத் தேடி இரண்டு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் பாலமாக ஏறி இறங்கினார். கொசுக்கடியில் காய்ச்சல் வந்து, மிலானுக்குப் போகாமலே ஊர் திரும்பினார். உடம்பு தேறியதும் ஒரு கூடை மாம்பழத்தோடு நம் வீட்டுக்கு வந்தார். நீ அப்போது மெடிக்கல் காலேஜில் இருந்தாய். பழத்தை வைத்துவிட்டு, "ஏமய்யா நிருபரே, உம்ம சன்னல் எங்கேய்யா இருக்கு?" என்று கேட்டார்.

"யுத்தத்துக்கு அப்புறம் இடிச்சிருப்பாங்க" என்றேன்.

"வீட்டை இடிப்பான், சரி. சூரியனையுமா இடிப்பான்? அங்க கடல் கிழக்க இருக்குய்யா. சூரியன் கடல்ல இருந்துதான் எந்திரிக்கி. விழுகிறது ஊர்ப் பக்கம். ரெண்டு சாயங்காலம் நின்னு பாத்தேன்."

நான் குனிந்து கூடையிலிருந்த பழங்களை எண்ணினேன். அவர் சிரித்தார். "எழுத்துல இருந்த ஊரும் நல்லா இருந்துச்சு, நெசத்துல இருந்த ஊரும் நல்லா இருந்துச்சு. ரெண்டும் ஒரே ஊரு இல்லை. அம்புட்டுத்தான். பழம் அழுகிரும், முதல்ல சாப்பிடும்" என்றார். இன்றுவரை அவர் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அவர் அப்படி விட்டுக்கொடுத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரு சண்டையாவது போட்டிருந்தால் அன்றைக்கே இது முடிந்திருக்கும்.

இனி உனக்குப் பயன்படுகிறதைச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் யார் பார்த்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வெனிஸ் பற்றி இங்கே எழுதுகிறதெல்லாம் பஞ்சு மாமா பார்த்துச் சொன்னது. அங்கே வண்டி கிடையாது, சக்கரமே கிடையாது. பாலங்கள் எல்லாம் படிக்கட்டு. ஆகையால் பெரிய டிரங்குப் பெட்டியை நேராக வியன்னாவுக்கு ரயிலில் அனுப்பிவிட்டுக் கைப்பெட்டியோடு இறங்கு. வீட்டு எண்கள் தெருவுக்குத் தெரு புதிதாகத் தொடங்குவதில்லை. ஒரு பேட்டை முழுவதும் ஆயிரக்கணக்கில் ஓடும். எண்ணை நம்பாதே, பக்கத்தில் எந்தக் கோயில் என்று கேள். கொசுவலை இல்லாத அறையை ஒப்புக்கொள்ளாதே. அங்கத்துக் கொசு நம் கண்மாய்க் கொசுவுக்கு அண்ணன் என்பது அவர் தீர்ப்பு. என் கட்டுரையில் இருக்கிற வீட்டைத் தேடாதே. பம்பாய் விடுதித் தலைவி அங்கேயுள்ள பெண்கள் விடுதிக்குக் கடிதம் தருவார் என்று உன் அம்மா விசாரித்து வைத்திருக்கிறாள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்.

இனி வருவது நானே பார்த்ததும் பட்டதும். ஐரோப்பியக் கரையில் வண்டிகள் வலது பக்கமாகப் போகும். மார்சேல்ஸில் இறங்கிய முதல் மணி நேரத்தில், நம் வழக்கப்படி வலது பக்கம் பார்த்துவிட்டுத் தெருவில் கால் வைத்தேன். இடது பக்கமிருந்து டிராம் வந்தது. மீன் விற்கிற ஒரு பெண் என் கோட்டு வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீளமாகத் திட்டினாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் மம்சாபுரம் சந்தையில் நிற்கிற மாதிரியே இருந்தது. நீ முதலில் இடது பக்கம் பார். லண்டன் போனால் மட்டும் பழையபடி பார்.

பாரிஸில் முதல் நாள் பசியோடு படுத்தேன். காரணம் நம் பழக்கம். விளக்கு வைத்த பிறகு சாப்பிடலாம் என்று இருட்டுவதற்காகக் காத்திருந்தேன். ஜூன் மாதம், அங்கே ஒன்பதரைக்கும் வெளிச்சம். ஒருவழியாக இருட்டி நான் கீழே இறங்கியபோது சமையலறையைக் கழுவி விட்டிருந்தார்கள். அங்கே பொழுதைப் பார்க்காதே, கடிகாரத்தைப் பார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மாதா கோயிலுக்குப் போனேன். நம் கோயில் வாசலில் விடுகிற மாதிரி பூட்ஸைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். கல் தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது. எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். வெளியே வந்தால் பூட்ஸைக் காணோம். மெழுகுவர்த்தி விற்கிற கிழவி ஒருத்தி அதை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது திருடிப் போவார்கள் என்று ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினேன். நீ செருப்போடே உள்ளே போ, ஆண்டவர் தப்பாக நினைக்கமாட்டார். அறை எடுக்கும்போது குளியலைப் பற்றி முதல் நாளே பேசிவிடு. லண்டனில் தினமும் குளிக்க வெந்நீர் கேட்ட என்னைப் பார்த்து, வீட்டுக்கார அம்மாள் எனக்கு ஏதோ சரும வியாதி என்று பயந்துவிட்டாள். சேலைக் கரையை இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டு, கம்பளிக் காலுறை போடு. ஈரக் கரையோடு நடப்பதைப் போல உடம்பைக் கெடுப்பது வேறில்லை என்பது லண்டனில் நான் பார்த்த ஒரு கல்கத்தா மாணவி சொன்னது.

இன்னொன்றும் கவனித்தேன். நம் பக்கத்தில் யாரிடமாவது வழி கேட்டால், தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டிவிடுவோம். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. அது அன்புதான், ஆனால் வழி தப்பிப் போகிறது அவர்தான். அங்கே பத்துப் பேரில் ஆறு பேர் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், வெனிஸ் விஷயத்தில் நான் ஆயிரம் வாசகர்களுக்குத் தெரியாத பக்கம் கையைக் காட்டியிருக்கிறேன். வியன்னாவைப் பற்றியும், நீ படிக்கப் போகிற ஆஸ்பத்திரியைப் பற்றியும், அங்கத்துக் குளிரைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

நீ கோபப்பட்டால் அது நியாயம். என் கட்டுரையால்தான் ஊர் பார்க்கிற ஆசை வந்தது என்று நீ பலமுறை சொல்லியிருக்கிறாய். அந்த ஆசையைத் திருப்பிக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அது உன்னுடையது, உண்மையானது. நோயாளியின் கண்ணைப் பார்த்து இருக்கிறதை இருக்கிறபடி சொல்கிற வேலைக்கு நீ போகிறாய். கண் போய்விட்டது என்றால் போய்விட்டது என்று சொல்ல வேண்டி வரும். அதை உனக்குச் சொல்லித் தருகிற தகுதி எனக்கு இல்லை. அதனால் அதைப் பற்றி வேறு எதுவும் எழுதவில்லை.

இன்று மத்தியானம் பஞ்சு மாமாவைப் பார்க்க ராஜபாளையம் போனேன். பெயர் போடாமல் அவர் கதையை எழுதிக்கொள்ளச் சம்மதம் கேட்டேன். "பேரையும் போடும்யா, பெட்டி தூக்குனது நானு" என்றார். பஸ்ஸுக்கு நான் எழுந்தபோது, "பாப்பாவுக்குக் கொசுவலை எழுதிட்டீரா?" என்று மறுபடி கேட்டார்.

தீராமல் இருப்பவை இவை. வெனிஸில் மூன்று நாள் நிற்பதா, அன்றைக்கே ரயிலேறி வியன்னா போவதா என்பது உன் முடிவு. புதன்கிழமை மாலைக்குள் ஒரு தந்தி அடி. போஸ்ட்மாஸ்டர் படிக்கட்டும், பரவாயில்லை. இந்தக் கடிதத்தின் நகலை ஒட்டிய உறையில் மதுரை ஆசிரியருக்கு அனுப்புகிறேன். அச்சில் போடலாம் என்று நீ சொல்லும்வரை உறையைப் பிரிக்க வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். எட்டாவது கட்டுரைக்கு ஒரு திருத்தமும் எழுதி முடித்திருக்கிறேன். சூரியன், மார்சேல்ஸ் ஆஸ்பத்திரி, கோவாக்காரச் சமையல்காரர் எல்லாம் அதில் வந்துவிட்டன. அந்த ஊர் ஜன்னல் ஒன்றிலிருந்து உண்மையில் என்ன தெரிகிறது என்பதற்கு மட்டும் ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். நீ அங்கே தங்கி ஒரு ஜன்னலைத் திறந்தால், தெரிகிறதை எழுது. சுவர் மட்டும் தெரிந்தால் சுவர் என்றே எழுது. உன் பெயரைப் போட்டு அந்த வரியைச் சேர்ப்பேன். கப்பல் வியாழக்கிழமை கிளம்பினால், வெனிஸ் தபால் முத்திரையோடு உன் கடிதம் செப்டம்பர் மூன்றாவது வாரம் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். ஐப்பசி மழை வந்து நம் தெருவில் மறுபடி தண்ணீர் ஓட அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது.